முப்பத்தாறாம் எண் அட்டை

நம் ஐந்தாம் வகுப்பு சாரைப் பற்றி ஆளுக்கு ஒரு பக்கம் எழுதிக் கொடுக்கச் சொல்லி வாட்ஸ்அப் குழுவில் போட்டிருந்தீர்கள். நினைவு மலர் போடப் போகிறோம், நீ மட்டும்தான் இன்னும் தரவில்லை என்று தனியாகவும் கூப்பிட்டுச் சொன்னீர்கள். தருகிறேன். ஒரு பக்கத்தில் அடங்காது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

சார் போய்ச் சேர்ந்த செய்தி வந்த அன்று நீங்கள் எல்லோரும் கும்பிடுகிற கை அனுப்பினீர்கள். நானும் அனுப்பினேன். அனுப்பிவிட்டு, பாதியில் விட்ட வெங்காயத்தை நறுக்கினேன். கண்ணில் தண்ணீர் வந்தது. அது வெங்காயத்துக்கு வந்தது. நர்ஸ் வேலை பார்த்தவர்களுக்கு மனசு மரத்துத்தான் போகும் என்று என் மருமகள் சொல்வாள். அவளுக்கு என்ன தெரியும்? எனக்கு அது வார்டில் வந்ததில்லை. ஐந்தாம் வகுப்பில், பள்ளிக்கூட மைதானத்தில், கழுத்தில் ஒரு அட்டையை மாட்டிக்கொண்டு வரிசையில் நின்றேனே, அன்றைக்கே வந்துவிட்டது.

மலருக்காக நம்மில் ஒருத்தி எழுதியதைக் குழுவில் படித்தேன். பெஞ்சில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள்தான், அழகாகவே எழுதியிருக்கிறாள். பள்ளி இன்ஸ்பெக்டர் வந்த நாளில், தங்கைக்குச் சோறு கொண்டுவந்த ஏதோ ஒரு பெண் வேப்பமரத்தடியில் நின்றபடி கணக்குப் பாடத்துக் காரணி சொன்னாளாம். சாருடைய பாடம் பள்ளிக்கூடத்துச் சுவரைத் தாண்டி ஊருக்குள் போயிருந்தது என்பதற்கு அதுவே சாட்சியாம். அதற்குக் கீழே எத்தனை இதயம், எத்தனை கைதட்டல்! நானும் அதைத் திரும்பத் திரும்பப் படித்தேன். அந்தப் பெண் யார் என்று உங்களில் ஒருத்தருக்குக்கூட ஞாபகம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

உங்களுக்கு என் அக்காவை ஞாபகம் இருக்க வேண்டும். வகுப்பிலேயே உயரமானவள். ஐந்தாம் வகுப்பில் அவள் பெயிலாகிப் பெயிலாகி நிற்க, பின்னால் வந்த நான் அவளோடு சேர்ந்துகொண்டேன். ஒரே வகுப்பில் அக்கா தங்கை. அவள் கடைசி பெஞ்சு, நான் இரண்டாவது பெஞ்சு. சிலேட்டில் கணக்கு எழுதச் சொன்னால் அவளுக்குக் கை வேர்க்கும். எழுதுவாள், எச்சில் தொட்டு அழிப்பாள், மறுபடி எழுதுவாள். மணி அடிக்கும்போது சிலேட்டில் ஈரம்தான் மிச்சம் இருக்கும்.

அப்பாவுக்குச் சைக்கிள் கடையில் வேலை. அம்மா சாயப் பட்டறையில் பட்டு அலசுவாள். அவள் கை ஒரு வாரம் மாம்பழ நிறத்தில் இருக்கும், ஒரு வாரம் அரக்கு நிறத்தில் இருக்கும். எங்களுக்குத் தலை பின்னும்போது சாயத்தின் புளித்த வாசனை அடிக்கும். அந்த வருசம் அப்பா தீர்மானமாகச் சொல்லிவிட்டார்.

"இந்த வாட்டியும் பெயிலாச்சினா அவ்ளோதான். முறுக்குப் பட்டறைக்குப் போவட்டும். வயசு ஏறிக்கினே போவுது, இன்னும் அஞ்சாங்கிளாசுலயே குந்திக்கினு இருக்குது."

முறுக்குப் பட்டறை என்றால் பட்டு நூலுக்கு முறுக்கேற்றுகிற இடம். எங்கள் தெருவில் பெயிலான பெண்கள் எல்லாம் அங்கேதான் இருந்தார்கள். அன்று படுக்கும்போது அக்கா என் காதில், "ஆறாங்கிளாசு புக்கு எப்பிடி இருக்கும்னு பாக்கணும்மா" என்றாள். அதைவிடப் பெரிய ஆசை அவளுக்கு இருந்ததாக எனக்கு நினைவில்லை.

பொங்கல் முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது சார் வந்து சேர்ந்தார். தெற்கே எங்கிருந்தோ மாற்றலாகி வந்தவர். "அங்கிட்டுப் போ, இங்கிட்டு வா" என்பார், நாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். முதல் நாளே, "சிலேட்டையெல்லாம் உள்ள வைங்க. நாளைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கை புளியங்கொட்டை கொண்டாங்க" என்றார். காரணி என்ற வார்த்தையை அவர் பலகையில் எழுதியதே ஒரு வாரம் கழித்துத்தான். அதுவரை கொட்டை அடுக்குகிற வேலைதான். பன்னிரண்டு கொட்டையைத் தரையில் போட்டு, "வரிசையா அடுக்குங்க. எல்லா வரிசையும் சமமா இருக்கணும், ஒண்ணுகூட மிஞ்சக் கூடாது" என்பார். இரண்டிரண்டாக வைத்தால் வரும். மும்மூன்றாக வைத்தால் வரும். நான்காக, ஆறாக, எப்படி வைத்தாலும் வரும். ஐந்தைந்தாக வைத்தால் இரண்டு கொட்டை வெளியே கிடக்கும். மிச்சமில்லாமல் அடுக்க வருகிற எண்தான் காரணி. மிச்சம் வைக்கிற எண் காரணி இல்லை. அவ்வளவுதான் பாடம்.

அக்காவுக்கு அந்தப் பாடம் பிடித்துப்போயிற்று. ஒரு காலி பவுடர் டப்பாவில் கொட்டை சேர்த்தாள். தேய்த்துத் தேய்த்துப் பளபளவென்று வைத்திருப்பாள். டப்பாவைத் திறந்தால் பவுடர் வாசனையும் புளி வாசனையும் கலந்து வரும். சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்தால் ஒவ்வொரு எண்ணாக எடுத்து அடுக்கிப் பார்ப்பாள். இருபத்துநாலு அவளுக்குச் செல்லம், எப்படி மடக்கினாலும் மடங்கும் என்பாள். பதின்மூன்று, பதினேழு, பத்தொன்பது எல்லாம் எப்படி வைத்தாலும் மிஞ்சும். அவை பகா எண்கள், அவற்றை ஒரே வரிசையாக மட்டும்தான் வைக்க முடியும் என்று சார் சொல்லியிருந்தார். அக்கா அவற்றுக்கு வேறு பேர் வைத்திருந்தாள்.

"இதெல்லாம் மொரண்டுமா. நம்ம சொன்னபடி கேக்காது. ஒரே நீட்டாதான் படுக்கும்."

எண்களோடு வீட்டு ஆட்களைப்போல அவள் பேசியதை நான் அப்போதுதான் பார்த்தேன்.

மாசி பிறந்ததும் இன்ஸ்பெக்டர் வரப்போகிறார் என்ற செய்தி வந்தது. ஹெட்மாஸ்டர் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கச் சொன்னார். சார் பலகையின் மூலையையே பார்த்துக்கொண்டு நின்றார். உங்களுக்கும் ஞாபகம் இருக்கும், தினமும் காலையில் அந்த மூலையில் எழுதுவோம்: பதிவு 37, வருகை 36. வராத ஒருத்தன் யார் என்று நமக்குத் தெரியும், தறிக்காரர் மகன். தறியில் அப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து புடவைக் கரைக்கு நூல் ஓட்டுகிற நாடாவைத் தள்ள ஆள் வேண்டுமே, அதனால் அவன் பேர் மட்டும்தான் பள்ளிக்கூடத்தில் இருந்தது.

"முப்பத்தாறு!" என்றார் சார். கண் பளபளத்தது. "ரெண்டு, மூணு, நாலு, ஆறு, ஒம்பது, பன்னெண்டு, பதினெட்டு... அட, எம்புட்டு காரணி! கொட்டை எதுக்கு? நீங்களே நில்லுங்க. இன்ஸ்பெக்டர் முன்னாடி நீங்களே வரிசையா நின்னு காட்டுங்க."

புடவைப் பெட்டி அட்டையைச் சதுரமாக வெட்டி, ஒன்று முதல் முப்பத்தாறு வரை எழுதி, ஆளுக்கு ஒன்று கொடுத்தார். எனக்கு ஏழு வந்தது. அவர் "ஆறு" என்றால் வரிசைக்கு ஆறு பேராக நிற்க வேண்டும், நான் இரண்டாவது வரிசைக்கு முதல் ஆள். "ஒம்பது" என்றால் முதல் வரிசையிலேயே உள்ளே போய்விடுவேன். ஒவ்வொரு எண்ணுக்கும் எந்த இடம் என்று மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். இடித்துக்கொள்வோம், திட்டு வாங்குவோம். மைதானத்து மண் சூடேறிக் காலைப் பொசுக்கும்.

அக்காவுக்கு முப்பத்தாறு கொடுத்தார். ஏன் என்று எனக்கு அப்போதே தெரியும். கடைசி ஆளுக்கு யோசிக்க வேண்டிய வேலையே இல்லை, எல்லோரும் நின்றபிறகு எது காலியோ அதில் நின்றால் போதும். மந்தமான பெண், இதுவாவது செய்யட்டும் என்று கொடுத்தார். அக்காவுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் கவலைப்பட்டிருக்க மாட்டாள். ஏனென்றால் அந்த எண்ணுக்கு மட்டும்தான் தனியாகப் பேசுகிற வசனம் இருந்தது.

சார் நடுவில் வேண்டுமென்றே "அஞ்சு!" என்பார். ஐந்தைந்தாக ஏழு வரிசை நிற்கும். அக்கா மட்டும் வெளியே தனியாக நிற்பாள். கையைத் தூக்கி, மைதானம் முழுக்கக் கேட்கிற மாதிரி அவள் கத்த வேண்டும்: "மீதி ஒண்ணு! அஞ்சு காரணி இல்ல!" ஏழு என்று சொன்னாலும் இதே கதைதான். அவள் கத்துவதைக் கேட்டால் காக்கா பறக்கும். வீட்டிலும் அதே பாட்டுத்தான். தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு வரும்போதுகூட மீதி ஒண்ணு, மீதி ஒண்ணு.

"இன்னாடி அது, மீதி மீதின்னு? சோத்துலயா கொழம்புலயா?" என்று அம்மா கேட்பாள்.

அட்டைக்குக் கயிறு எல்லோருக்கும் சணலில் கட்டியிருந்தது. அக்கா மட்டும் அம்மா கொண்டுவந்த கழிவுப் பட்டு நூலை முறுக்கி, அரக்கு நிறத்தில் கயிறு செய்து போட்டுக்கொண்டாள். பெருமை தாங்கவில்லை.

ஒரு நாள் அம்மா பட்டறையிலிருந்து வருகிற வழியில் சாரைப் பார்த்துக் கேட்டே விட்டாள். நானும் கூட இருந்தேன்.

"சார், பெரியவ இந்த வருசமாவது தேறிடுமா சார்? அவங்கப்பா நிறுத்திடுவேன்றாரு."

"இன்ஸ்பெக்டர் முன்னாடி நல்லா நின்னு காட்டட்டும்மா. அவரு பாத்துத் தலையாட்டிட்டா போதும், நான் ஆறாவதுக்கு ஏத்தி விட்டுர்றேன்."

அம்மா கும்பிட்டாள். அன்று அவள் கை பச்சை நிறம். சாருக்கு மனசில் கள்ளம் இருந்ததாக நான் நினைக்கவில்லை. சொன்னதைச் செய்யத்தான் நினைத்திருப்பார்.

இன்ஸ்பெக்டர் வந்த நாள் அமாவாசை.

இது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அமாவாசைக்குத் தறி ஓடாது. மற்ற நாளெல்லாம் விடிந்ததிலிருந்து தெருவில் தடக் தடக் என்று சத்தம் கேட்டுக்கொண்டே இருக்கும். அன்று மட்டும் ஊருக்குக் காது அடைத்ததுபோல இருக்கும். தறிக்காரர்கள் தலைக்குக் குளித்து, வெள்ளை வேட்டி கட்டிக் கோயிலுக்குப் போய்வருவார்கள். தறிக்குப் போகிற பிள்ளைகளுக்கும் அன்று விடுப்பு. எங்கள் வீட்டில் அமாவாசை கிடையாது, நாங்கள் சர்ச்சுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைக்காரர்கள். அப்பாவுக்கு அமாவாசையன்றுதான் வேலை அதிகம், வாடகை சைக்கிளுக்கு அவ்வளவு கூட்டம் வரும். தெற்கத்திக்காரரான சாருக்கு இதெல்லாம் தெரியாது. தை அமாவாசை ஞாயிற்றுக்கிழமையில் வந்து போய்விட்டது. நாமும் சொல்லவில்லை. இது ஒரு விசயமா, எல்லோருக்கும் தெரிந்ததுதானே என்று இருந்துவிட்டோம்.

முந்தின நாளே சார் பலகையின் மூலையில் கலர் சாக்பீஸால், பூப்போட்டு எழுதி வைத்திருந்தார்: பதிவு 37, வருகை 36.

காலையில் தறிக்காரர் மகன் வந்து நின்றான். எண்ணெய் வழிய வாரிய தலை, நெற்றி நிறையத் திருநீறு, மடிப்புக் கலையாத சட்டை.

"நீ யாருடா?" என்றார் சார்.

"இந்தக் கிளாசுதான் சார்."

"இத்தன நாளா எங்கிட்டுடா போயிருந்த?"

"தறிக்கு சார். இன்னிக்கி அமாவாச சார். தறி கெடையாது."

சார் பலகையைப் பார்த்தார். நம்மை எண்ணினார். மறுபடி எண்ணினார். முப்பத்தேழு. அக்கா என் காதருகே குனிந்து, "ஐயோ, முப்பத்தேழு மொரண்டுமா. நான் அடுக்கிப் பாத்திருக்கிறேன்" என்றாள். அவளுக்குச் சிரிப்புத்தான் வந்தது. யார் வெளியே போவார்கள் என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. ஒத்திகைக்கே வராத பையன் இருக்கிறானே.

சாரும் அப்படித்தான் ஆரம்பித்தார். பையனின் தோளில் கை வைத்து, "நீ அந்த மரத்தடியில..." என்றார். அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"சார்! அது நம்ம பையன் சார்! நல்லா தெரியிற மாதிரி நிக்க வைங்க சார்!"

தறி இல்லாத நாள் இல்லையா? அப்பாக்கள் எல்லாம் மதிலோரம் வரிசையாக நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஹெட்மாஸ்டர் ஓடிவந்து சாரிடம் என்னவோ சொன்னார். பள்ளிக்கூடத்துக்குக் கூரை போட்டுக் கொடுத்தவர் அந்தத் தறிக்காரர், அதைத்தான் சொல்லியிருப்பார். சார் நம் வரிசையை ஒரு பார்வை பார்த்தார். ஒத்திகை இல்லாதவன் எந்த இடத்தில் நிற்க முடியும்? கடைசி இடத்தில் மட்டும்தான் நிற்க முடியும். அவர் மதில் பக்கமும் ஒரு பார்வை பார்த்தார். எங்கள் அப்பா அங்கே இல்லை.

"ஏ புள்ள, முப்பத்தாறு, இங்கிட்டு வா. கொஞ்ச நேரம் மரத்தடியில நில்லு. சோத்துத் தூக்கெல்லாம் அங்கிட்டுதான இருக்கு, காக்கா தூக்கிட்டுப் போயிராம பாத்துக்க."

"என் அட்ட சார்?"

"அத அவன்கிட்ட குடு."

அவளே கழற்றினாள். அரக்குக் கயிறு பின்னலில் சிக்கியது, பொறுமையாக எடுத்தாள். அவளே அவன் கழுத்தில் மாட்டினாள். "சார் அஞ்சுன்னா நீ மட்டும் தனியா நிப்ப. பயப்படாத. மீதி ஒண்ணு, அஞ்சு காரணி இல்லன்னு சத்தமா சொல்லு, இன்னா?" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் மரத்தடிக்குப் போய்த் தூக்குகளுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

நான் அவளைப் பார்த்தேன். அழுகை வந்திருக்க வேண்டும், வரவில்லை. கோபம் வந்திருக்க வேண்டும், அதுவும் வரவில்லை. உள்ளே பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. குனிந்து என் அட்டையைப் பார்த்தேன். ஏழு. "ஆறு" என்றால் இரண்டாவது வரிசைக்கு முதல் ஆள். அதை மட்டும் மனசுக்குள் சொல்லிக்கொண்டே இருந்தேன்.

இன்ஸ்பெக்டர் வந்தார், மாலை போட்டார்கள், நாற்காலியில் உட்கார்ந்தார். சார் விசில் ஊதி "ஆறு!" என்றார். ஓடி நின்றோம். "ஆறாறு முப்பத்தாறு!" அடுத்து ஒன்பது, பன்னிரண்டு, நான்கு. எங்கேயும் இடிக்கவில்லை. தறிக்காரர் மகன் காலி இடத்தில் ஒழுங்காகப் போய் நின்றான். இன்ஸ்பெக்டர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். மதிலோரம் கைதட்டினார்கள்.

"அஞ்சு!" என்றார் சார்.

ஏழு வரிசை நின்றது. அவன் தனியாக வெளியே நின்றான். அவ்வளவு பேர் பார்க்கிறார்கள். வாய் திறந்தது, சத்தம் வரவில்லை. அவன் அப்பா மதில்மேல் எம்பிப் பார்த்தார். சார் உதட்டை மட்டும் அசைத்தார். தறிச் சத்தமும் இல்லாத நாள், அந்த அமைதி எவ்வளவு நேரம் இருந்தது என்று எனக்குத் தெரியாது.

"மீதி ஒண்ணு! அஞ்சு காரணி இல்ல!"

வேப்பமரத்தடியிலிருந்து வந்தது. அக்காவின் கை தூக்கியபடி இருந்தது. பழக்க தோசம், வேறொன்றுமில்லை. கத்தியபிறகுதான் அவளுக்கே தெரிந்திருக்கும். கை மெதுவாக இறங்கியது.

இன்ஸ்பெக்டர் திரும்பினார். "யார் அந்தப் பொண்ணு?"

ஹெட்மாஸ்டர் சாரைப் பார்த்தார். சார் தரையைப் பார்த்தார். வகுப்புக்குள்ளே பலகையில் வருகை 36 என்று பூப்போட்டு எழுதியிருந்தது. இன்ஸ்பெக்டர் அதைப் பார்த்துவிட்டுத்தான் வெளியே வந்து உட்கார்ந்திருந்தார்.

"உன்னத்தாம்மா. எந்த வகுப்பு நீ?"

அக்கா என்னைப் பார்த்தாள். சாரைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்.

"நான் இங்க படிக்கல சார். தங்கச்சிக்கு சோறு எடுத்துக்கினு வந்தேன்."

அவள் காலடியில் எங்கள் தூக்கு இருந்தது, அதை எடுத்தும் காட்டினாள். இன்ஸ்பெக்டர் பெரிதாகச் சிரித்தார். தொடையில் தட்டினார். "பலே! சோறு கொண்டாந்த பொண்ணுக்கே காரணி தெரியுதே! இதுதாய்யா பாடம் நடத்துறது!" என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். நாமும் தட்டினோம், நானும் தட்டினேன். சார் முகத்தை நிமிர்த்தினார். வேர்த்திருந்தது. "நன்றி ஐயா" என்றார்.

பிறகு ஸ்டுடியோக்காரர் போட்டோ எடுத்தார். ஆறாறாக நின்றோம். அந்தப் படம்தான் இப்போது குழுவில் சுற்றுகிறது.

சாயங்காலம் சார் மரத்தடிக்கு வந்தார். அக்காவின் தலையில் கை வைத்தார். "நல்ல புள்ள. இன்ஸ்பெக்டர் நாளைக்கும் இருப்பாரு, மத்த வகுப்பெல்லாம் பாக்கணும். உன்னப் பெஞ்சில பாத்தாருன்னா என் மானம் போயிரும். நாளைக்கு மட்டும் வீட்ல இரு. அவரு போனதும் வா." அக்கா சரி என்றாள். சந்தோசமாகவே சொன்னாள், சார் அவள் தலையில் கை வைத்தது அதுதான் முதல் தடவை.

மறுநாள் நான் மட்டும் கிளம்பினேன். அப்பா பார்த்தார்.

"அவ ஏன் குந்திக்கினு இருக்கா?"

"சாரு வரவேணான்னாருபா" என்றாள் அக்கா.

"இன்ஸ்பெக்டர் வந்தாரே, நீ நின்னியா?"

"நிக்கலபா."

அப்பா கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட அம்மா நடுவில் வந்திருப்பாள். "சரி, சும்மா எதுக்குக் குந்தறது? வா" என்று சைக்கிள் பாரில் உட்கார வைத்து முறுக்குப் பட்டறைக்குக் கூட்டிப் போனார். அன்று ஒரு நாள் வேலைக்குத்தான். பட்டறைக்காரம்மா, வாரம் முடியட்டும், நிறுத்தாதே என்றாள். வாரம் முடிந்தது. அம்மா, திங்கக்கிழமை அனுப்பிடலாம் என்றாள். எந்தத் திங்கக்கிழமை என்று அவள் சொல்லவில்லை. ஒருத்தரும் முடிவு எடுக்கவில்லை, ஆனால் முடிந்துபோயிற்று. பவுடர் டப்பா பரணில் இருந்தது. பிறகு அதுவும் எங்கே போயிற்று என்று தெரியவில்லை.

சார் ஒரே ஒரு தடவை என்னிடம் கேட்டார். "உங்க அக்கா ஏன் வரல?"

"வேலைக்குப் போவுது சார்."

"ம்" என்றார். கொஞ்ச நேரம் சாக்பீஸை உருட்டிக்கொண்டிருந்தார். அப்புறம் பலகையில் முப்பத்தைந்து என்று எழுதி, காரணி சொல்லச் சொன்னார். அன்று வருகை அதுதான். நான் எழுந்து சொன்னேன்: ஒன்று, ஐந்து, ஏழு, முப்பத்தைந்து. சரியாகச் சொன்னேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை.

அதற்குப் பிறகு நடந்ததை நீங்கள் தினமும் பார்த்திருக்கிறீர்கள். பட்டறை எங்கள் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவில் இருந்தது. மத்தியானம் அக்காதான் எனக்குத் தூக்கில் சோறு கொண்டுவருவாள். வேப்பமரத்தடியில் நிற்பாள், நான் சாப்பிட்டு முடித்ததும் கழுவி எடுத்துக்கொண்டு போவாள். நீங்கள் அவளை அப்படித்தான் பார்த்துப் பழகிவிட்டீர்கள். அவள் நம் வகுப்பில் உட்கார்ந்திருந்ததை உங்கள் ஞாபகம் எப்போது விட்டது என்று தெரியவில்லை. அவள் இன்ஸ்பெக்டரிடம் சொன்ன பொய் அப்படியே நிஜமாயிற்று. நான் ஆறாவது போனேன், நர்ஸுக்குப் படித்தேன். சார் சொல்லிக்கொடுத்த கணக்கால்தான் படித்தேன். அதை மறுக்க மாட்டேன், சார் கெட்டவர் என்றும் எழுத மாட்டேன். தறிக்காரர் மகனே, நீயும் இதைப் படிப்பாய். அந்தப் படத்தை இத்தனை காலம் பத்திரமாக வைத்திருந்தவன் நீ. உன்மேல் எனக்கு ஒன்றும் இல்லை. ஒரு நாள் விடுப்பு கிடைத்துப் பள்ளிக்கூடம் வந்த பிள்ளையை யார் என்ன சொல்வது?

அக்கா இப்போது தாமல் கிராமத்தில் மகன் வீட்டில் இருக்கிறாள். இதை எழுதலாமா என்று கேட்கப் போன் செய்தேன். சாப்பிட்டியா, மாத்திர போட்டியா என்று கேட்டு முடித்தபிறகுதான் என்னைப் பேச விட்டாள். சார் போன செய்தியைச் சொன்னேன்.

"ஐயோ பாவம். நல்ல சாருமா அவரு. கொட்ட வச்சி சொல்லிக் குடுத்தாரே."

"போட்டோ வந்திருக்குதுக்கா. இன்ஸ்பெக்டர் வந்த அன்னிக்கி எடுத்தது."

"அப்பிடியா! நான் எங்க நிக்கிறேன்?"

"நீ அதுல இல்லக்கா" என்றேன்.

அவள் சிரித்தாள்.

"ஆமால்ல. மீதி ஒண்ணு" என்றாள்.

போனை வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். அப்போதும் எனக்கு அழுகை வரவில்லை. வந்தால் தேவலை என்று இருந்தது.

மலர் அச்சுக்குப் போவதற்கு முன்னால் இரண்டு காரியம் செய்யுங்கள். ஏதோ ஒரு பெண் என்று எழுதியிருக்கிற இடத்தில் முப்பத்தாறாம் எண் என்று போடுங்கள். அந்த அட்டை அவளுடையது. அடுத்தது, படத்துக்குக் கீழே "வகுப்பு முழுவதும், 36 பேர்" என்று போட்டிருக்கிறீர்கள். அன்றைக்கு எல்லோரும் வந்திருந்தோம். 37 என்று திருத்துங்கள். ஆறாறாக நிற்பது கெட்டுப்போகும்தான். கெட்டுப்போகட்டும், ஒரே நீட்டாக நிற்கலாம்.